ஜெய் பீம்: நீதிமன்றமும் உடன்படிக்கையும் – ஒரு திறனாய்வு

த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ திரைப்படம் 2021 நவம்பர் 2ஆம் நாள் வெளிவந்தது. அதைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. வாலிபர் கூடுகைகளிலும் போதகர் முகாம்களிலும் இப்படம் இன்றும் திரையிடப்பட்டு வருகிறது; லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவைக்குப் பிரசங்க உதாரணமாகச் செங்கேணி என்னும் பாத்திரம் எடுத்தாளப்படுகிறது. நாமும் அவ்வாறு பிரசங்கித்தவரே. அண்மையில் கூட்டேரிப்பட்டை அடுத்த சிற்றூர் ஒன்றின் சபை மண்டபத்தில் இதைத் திரையிட்டபோது, அவ்வூர் ஏரிக்கரையில் வாழும் இருளர் குடும்பங்கள் சிலவும் வந்திருந்தன. படம் முடிந்தபின் முதியவர் ஒருவர் சொன்ன வார்த்தை நம் பிரசங்கத்தைக் கலைத்துவிட்டது. “வக்கீலு ஒருத்தருதானே ஐயா, நாங்க எத்தினி பேரு!” என்றார் அவர். இத்திறனாய்வு அந்த ஒரு வரிக்கு நாம் எழுத முயலும் உரை எனலாம்.

கதை யாவரும் அறிந்ததே. ஊர்ப் பெரியவர் வீட்டில் பாம்பு பிடிக்கச் சென்ற ராசாக்கண்ணு என்னும் இருளர், பின்னர் அவ்வீட்டு நகை காணாமற்போனபோது பிடித்துச் செல்லப்படுகிறார். உறவினர் இருவரோடு காவல் நிலையத்தில் வதைக்கப்படுகிறார். மூவரும் தப்பியோடிவிட்டனர் என்று காவலர் எழுதி வைக்கின்றனர். கருவுற்றிருந்த மனைவி செங்கேணி, சந்துரு என்னும் வழக்கறிஞர் வழியாக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுக்கிறார். எல்லை தாண்டிய இடத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் ராசாக்கண்ணுவே என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

இதன் வேர் உண்மை நிகழ்ச்சி. 1993 மார்ச்சில் முதனை என்னும் ஊரைச் சேர்ந்த ராசாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் இறந்தார். வழக்கை நடத்தியவர் பின்னாளில் நீதியரசராக விளங்கிய கே. சந்துரு. நியாயம் முழுமையாகக் கிடைக்க 13 ஆண்டுகள் ஆயின. அம்மார்ச்சில் முதனையும் கூட்டேரிப்பட்டும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள் என்பதை நம் இளைய மாணவர் அறியார். விழுப்புரம் தனி மாவட்டமானது அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில்தான். ஆகவே, இக்கதை எங்கோ நடந்தது என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது.

படத்தின் சிறப்புகளை மறைப்பது நேர்மையன்று. தொடக்கக் காட்சியையே நோக்குவோம். சிறைவாயிலில் விடுதலையாகி வெளிவருவோரிடம் சாதி கேட்கப்படுகிறது. சில சாதிப் பெயர்களைச் சொன்னவர் வீட்டுக்குப் போகின்றனர். பிறர் ஓரமாக நிறுத்தப்பட்டு, தீராத பழைய வழக்குகளுக்காக மீண்டும் காவலரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். இக்காட்சியில் எவரும் அடிக்கப்படவில்லை. ஆயினும் பின்னர் வரும் வதைக் காட்சிகள் அனைத்தையும்விட இது கொடியது. பின்னர், மேலிடத்து ஆணையால் விடுவிக்கப்பட்ட செங்கேணி காவல் வண்டியில் ஏற மறுத்துத் தன் மகளோடு நடக்க, வண்டி மெல்லப் பின்தொடரும் காட்சி. லிஜோமோள் ஜோஸ் அங்கே முகத்தால் அன்று, நடையால் நடிக்கிறார். பணத்தை மறுக்கும் காட்சியும் அத்தகையதே. வதைக் காட்சிகளோ அளவு மீறி நீண்டுவிட்டன. அடிபடும் உடலைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்ப்பவர் மனம் ஓர் எல்லைக்குப் பின் மரத்துப்போகும். பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் நாமும் இத்தவற்றைச் செய்கிறோம்.

உண்மை ராசாக்கண்ணு குறவர். திரையில் அவர் இருளராக்கப்பட்டுள்ளார். இது சிறு மாற்றமன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் நாட்டின் பல சமூகங்களைப் பிறப்பாலேயே திருடர் என்றது. அது நாடு முழுவதும் நீங்க 1952 வரை ஆயிற்று. அப்பழியைத் தமிழகத்தில் நெடுங்காலம் சுமந்தோருள் குறவரும் அடங்குவர். அவர்தம் துயரக்கதை சொல்லப்படும்போது அவர்தம் பெயர் நீங்கிவிட்டது. இருளரின் துயரமும் அத்தகையதே என்பது உண்மையாயினும், ஒருவர் பிணத்துக்கு மற்றொருவர் பெயரிடுவதில் ஏதோ குறை இருக்கிறது. நாட்காட்டிப் படம் ஒன்றைக் குறித்து எழுந்த பூசலை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை; அது எந்தப் புண்ணைத் தொட்டது என்பதை இப்பகுதியில் ஊழியம் செய்வோர் நன்கறிவர்.

இனி, நம் முதன்மையான குறைபாட்டுக்கு வருவோம். இப்படத்தில் நீதி ஒரு நல்ல வழக்கறிஞராலும் ஒரு நல்ல காவல்துறை அதிகாரியாலும் வருகிறது. அவ்விருவரும் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எழாதபடி, சூர்யாவின் கம்பீரமும் பிரகாஷ் ராஜின் நிதானமும் நம்மை ஆட்கொண்டுவிடுகின்றன. நல்லவர் வந்தார், சட்டம் வென்றது என்ற ஆறுதலோடு வீடு திரும்புகிறோம். ஆனால் வென்றது எந்தச் சட்டம்? காவலில் வதைப்பதைத் தனிக்குற்றமாக வரையறுத்துத் தண்டிக்கும் சட்டம் இந்நாட்டில் 1993இல் இல்லை, இன்றும் இல்லை. செங்கேணியின் வெற்றி சட்டத்தின் வெற்றியன்று. சட்டம் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் நின்று பெறப்பட்ட வெற்றி. படம் இதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கான வாயில் படத்துக்குள்ளேயே திறந்து கிடந்தது. ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரிக்கலாம் என்பதற்குச் சந்துரு கேரளத்து ராஜன் வழக்கை எடுத்துக்காட்டுகிறார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காவலர் கொண்டுபோன பொறியியல் மாணவர் ராஜன். அவருக்காக நீதிமன்றம் ஏறியவர் தந்தை ஈச்சரவாரியர். அதே 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை தீர்ப்புரைத்தது. தனித்து மறுத்த நீதியரசர் எச்.ஆர். கன்னா தம் வாதத்துக்குத் துணைகொண்டவற்றுள் ஒன்று 1948 டிசம்பர் 10ஆம் நாளின் உலக மனித உரிமைப் பிரகடனம். உள்நாட்டுச் சட்டத்தில் ஐயம் எழுமிடத்து, நாடு உலகத்தின்முன் ஒப்புக்கொண்ட நெறிக்கு இயைந்த பொருளையே கொள்ளவேண்டும் என்பது அவர் காட்டிய வழி. ஆக, ஒரு சிற்றூர்ப் பெண்ணின் மனுவுக்குப் பின்னே பன்னாட்டு நெறி ஒன்று நிழல்போல் நின்றிருக்கிறது.

அந்நெறியை நம் அரசு எவ்வாறு நடத்தியது என்பதை மாணவர் சற்று நிதானித்துக் கற்றல் நன்று. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1966இல் ஏற்கப்பெற்றது. இந்தியா 1979 ஏப்ரல் 10ஆம் நாள் அதில் இணைந்தது. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து வைக்கப்பட்டவருக்கு நட்ட ஈடு பெறும் உரிமை உண்டு என்கிறது அதன் 9ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. இணைந்த அன்றே இந்திய அரசு ஒரு விலக்கு எழுதிக் கொடுத்தது: இந்தியச் சட்ட அமைப்பில் அத்தகையோர் அரசிடமிருந்து வழக்காடிப் பெறத்தக்க நட்ட ஈட்டு உரிமை ஏதும் இல்லை என்பதே அவ்விலக்கின் சாரம். விருந்துக்கு அழைத்து இலையைப் போட்டபின் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டாற்போல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும், அரசு மூடிய அக்கதவை ஏழைகள் திறந்தனர். விடுதலைத் தீர்ப்புப் பெற்றபின்னும் பீகார்ச் சிறையில் 14 ஆண்டுகள் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்சநீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்கச் செய்தது. ஒடிசாவில் 1987 டிசம்பரில் காவலர் கொண்டுபோன 22 வயது இளைஞன் மறுநாள் இருப்புப்பாதையருகே பிணமாகக் கிடந்தான். அவன் தாய் நீலாவதி பெஹெரா உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாயிற்று. 1993 மார்ச் 24இல் வந்த தீர்ப்பு, அரசு விலக்கி வைத்த அதே 9ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவைச் சுட்டிக்காட்டி, அத்தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. தேதியை மறுபடியும் பாருங்கள். தில்லியில் இத்தீர்ப்பு உரைக்கப்பட்ட மார்ச் மாதமும் கம்மாபுரத்தில் ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்ட மார்ச் மாதமும் ஒன்றே. உச்சநீதிமன்றத்திலிருந்து காவல் நிலையத்துக்கு நியாயம் எத்தனை மெதுவாக நடந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. படம் இதனைத் தொட்டிருக்குமானால் எத்துணை உயர்ந்திருக்கும்!

1996 டிசம்பர் 18இல் டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு வந்தது. அரசு எழுதிய விலக்கு தன் பொருளை இழந்துவிட்டது என்றே அதில் நீதிமன்றம் கூறிவிட்டது. ஒருவரைக் கைது செய்யும்போது காவலர் கைக்கொள்ளவேண்டிய 11 கட்டளைகளையும் விதித்தது. காவல் நிலையச் சுவரில் அவை பலகையாக எழுதப்பட்டுத் தொங்குவதை வாசகர் கண்டிருக்கலாம். சீனாய் மலையில் கிடைத்தவற்றைக் காட்டிலும் ஒன்று கூடுதல். மீறப்படுவதிலும் அவற்றுக்குக் குறைந்தவையல்ல.

வதையைப் பற்றியே தனியாக ஓர் உடன்படிக்கை 1984இல் உருவாயிற்று. இந்தியா 1997 அக்டோபர் 14இல் அதில் கையொப்பமிட்டது. உறுதியேற்பு மட்டும் இன்றுவரை செய்யவில்லை. கையொப்பம் என்பது நிச்சயம் செய்து ஓலை வாசித்தல், உறுதியேற்பே மணமுடித்தல். ஓலை வாசித்து 25 ஆண்டுகளுக்கு மேலாகியும் மணவறைக்கு வராத மாப்பிள்ளையை எந்தச் சபை மூப்பர் பொறுப்பார்? 2010 மே மாதம் வதைத் தடுப்பு மசோதா ஒன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2014இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் மாண்டது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் மீண்டும் வலியுறுத்தியது. தேர்வுக் குழுவின் தலைவராயிருந்த அஸ்வனி குமாரே உச்சநீதிமன்றம் சென்று கேட்டார். சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்கு ஆணையிட இயலாது என்று 2019இல் மறுமொழி கிடைத்தது. இதற்கிடையே, 2011இல், புருலியா ஆயுத வழக்கில் தேடப்பட்ட தன் குடிமகனை இந்தியாவிடம் ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் மறுத்தது. அவர் இங்கே வதைக்கப்படக்கூடும் என்பதே அது சொன்ன காரணம். டென்மார்க்கு நாட்டவர் ஒருவரைக் காத்த அவ்வுடன்படிக்கை நெறி, ஏரிக்கரை இருளரைக் காக்க இங்கே வாசலிலேயே நிற்கிறது. உள்நாட்டில் நீதி கிட்டாதவர் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைக் குழுவுக்கு நேரே முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையையும் இந்தியா ஏற்கவில்லை. 1993இன் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையமோ, நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கடந்த முறையீட்டை விசாரித்தல் கூடாது. தம்மவர் எங்கே என்று தேடுவதிலேயே ஓராண்டைக் கழிப்பவர் எங்கே போவர்?

இவ்விடத்தில் திருமறைப் பகுதி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். அது லூக்காவின் விதவை அன்று. உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள். வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியாது. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், பிணத்திலிருந்து சுற்றியுள்ள பட்டணங்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கவேண்டும். எந்தப் பட்டணம் மிக அருகிலுள்ளதோ அதன் மூப்பரே ஒரு கிடாரியோடு பள்ளத்தாக்கில் இறங்கிப் பதில் சொல்லவேண்டும். நாம் இப்பகுதியைப் பழங்காலச் சடங்கு என்று சொல்லி வகுப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம். ஆனால் அங்கே நிகழ்வது யாது? எல்லையில் கிடக்கும் பிணம் எவருடையதும் அன்று என்று சொல்ல எந்த ஊருக்கும் உரிமை இல்லை. அளவு கயிறு பிணத்திலிருந்து தொடங்குகிறது, ஊரிலிருந்து அன்று. ராசாக்கண்ணுவின் உடல் எல்லைக்கு அப்பால் எறியப்பட்டதன் நோக்கம் இந்தக் கயிற்றை அறுப்பதே. பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்தின் இறையியற் பொருளை நாம் தேடுவோமாயின் அதை இங்கே காணலாம்: அரசு தன் எல்லையைக் காட்டித் தப்ப முனையும்போது, பிணத்தின் பக்கம் நின்று அளக்கும் கயிறு அது.

எல்லை என்பது இப்பகுதி மக்களுக்கு உவமையன்று. 1993இல் அத்தியூரில் இருளர் பெண்ணொருவர் முறையிட்டது எல்லை தாண்டி வந்த புதுச்சேரிக் காவலர்மீது. அவ்வழக்கின் போராட்டத்திலிருந்தே பேராசிரியர் கல்யாணி என்னும் பிரபா கல்விமணியின் முயற்சியால் திண்டிவனத்தை நடுவாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் எழுந்தது. 2011 நவம்பரில் திருக்கோவிலூரை அடுத்த தி. மண்டபத்தில் இருளர் பெண்கள் நால்வர் காவலர்மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தனர். படத்தில் ஒரு சந்துரு. இங்கே பல்லாண்டுகளாக மனு எழுதியும், சாதிச் சான்றிதழுக்கு அலைந்தும், நீதிமன்ற வராந்தாக்களில் காத்தும் கிடந்த பெயரறியாத் தொண்டர் பலர். திரைப்படத்துக்கு நாயகன் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தொண்டரைக் கூட்டத்தில் கரைத்துவிடுவது உண்மைக்குச் செய்யும் குறை.

உடன்படிக்கை ஒன்றே போதும் என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டா. நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஈழத்து அகதிகள் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். அவர்தம் நாட்டின் கதை நமக்குப் பாடம். இலங்கை 1994இலேயே வதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இணைந்து, அவ்வாண்டே தனிச்சட்டமும் இயற்றியது. நாம் இன்னும் செய்யாததை அவர்கள் செய்தனர். ஜெனீவாவுக்கு முறையிடும் வழியையும் 1997இல் ஏற்றனர். சிங்கராசா என்னும் தமிழர், தாம் அறியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கைவிரல் ரேகை வைக்கச் செய்யப்பட்டார். அதைக் கொண்டே அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இல் மனித உரிமைக் குழு அவர் பக்கம் நியாயம் கண்டது. அதைக் கொண்டு அவர் கொழும்பு உச்சநீதிமன்றம் சென்றபோது, அந்நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசமைப்புக்கு முரண் என்று 2006 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. கயிறு இருந்தது, அளக்கச் சென்றவரின் கையிலிருந்து அது பறிக்கப்பட்டது. ஆகவே ஏட்டிலுள்ள நெறிக்கும் உள்ளூர் நீதிமன்றத்துக்கும் இடையே நின்று விடாமல் இழுப்போர் தேவை. நீலாவதியின் கடிதம் இல்லாமல் 9ஆம் பிரிவு இந்தியாவில் வாய் திறந்திருக்காது.

திருச்சபை இதில் எங்கே நிற்கிறது? உலகப் பிரகடனம் உருவானபோது, சமய உரிமை பற்றிய 18ஆம் பிரிவுக்காக உழைத்தவருள் ஒருவர் பிரெடரிக் நோல்டே. அவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர், லுத்தரன் இறையியற் கல்லூரியைச் சேர்ந்தவர். 1946இல் திருச்சபைகள் அமைத்த பன்னாட்டு விவகார ஆணையத்தின் முதல் இயக்குநர். 18ஆம் பிரிவு நம் ஆராதனையைக் காப்பதால் அதை நாம் அறிவோம், ஆண்டறிக்கைகளில் எடுத்தெழுதுவோம். வதையை விலக்கும் 5ஆம் பிரிவைப் பிரசங்கபீடத்திலிருந்து நாம் எத்தனை முறை உச்சரித்திருக்கிறோம்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வணிகரான தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு மாண்டபோது நம் பீடங்களும் பேசின, பேசியது நன்று. இருளர் அடிபட்ட நாள்களில் நாம் பேசினதாக நினைவில்லை. அவர்கள் நம் சபைப் பதிவேட்டில் இல்லை என்பதே உள்ளபடியான காரணம். ‘ஜெய் பீம்’ படத்தில் ஒரு போதகரும் வருவதில்லை. அதனைப் படத்தின் குறையாக எழுத நமக்குத் துணிவில்லை.

திரையிடல் முடிந்த அன்று அம்முதியவர் இன்னொன்றும் கேட்டார். காவல் நிலையத்தில் அவர் பல மணிநேரம் அந்தப் பலகைக்கு எதிரே குந்தியிருந்ததுண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படித்துக் காட்டியதில்லையாம். மறுவாரம் பாசு தீர்ப்பின் 11 கட்டளைகளையும் எளிய தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, மாணவர் இருவரோடு ஏரிக்கரைக்குப் போனோம். கைது செய்யப்பட்டவர் தம் உறவினர் ஒருவருக்கு அறிவிக்கக் கேட்கலாம் என்ற மூன்றாம் கட்டளையை இருமுறை வாசிக்கச் சொன்னார்கள். நான்காவது, உறவினர் வெளிமாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணிநேரத்துக்குள் தந்தி வழியாக அறிவிக்கவேண்டும் என்கிறது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனதை நாம் விளக்கினோம். “அப்போ எதுல சொல்லுவாங்க ஐயா?” என்று ஒரு பெண் கேட்டார், செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன அவர் மகன் அப்போது வெளிமாவட்டத்தில் இருந்தான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண்ணைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அது எங்கள் மூவரில் எவரிடத்தும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தோம்.